சித்திரை வந்தால் வீதியே கச்சேரி மேடை! கும்பகோணத்துப் பெரிய மேளம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

அமெரிக்காவில் கோடை வந்தால் பூங்காக்களில் சோல், ஃபங்க் இசைக்குழுக்கள் முழங்கும். மக்கள் புல்வெளியில் நின்றபடியே ஆடுவார்கள். நம் கும்பகோணத்துக் கோடைக்கும் அப்படி ஒரு இசை உண்டு. அதற்கு மேடையும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். அட்சய திருதியை அன்று பெரிய தெருவில் 12 பெருமாள்கள் கருட வாகனத்தில் ஒன்றாகச் சேவை சாதிக்கும் ஊர் இது. அதே சித்திரையில், பக்கத்துத் திருவையாற்றில் ஐயாறப்பரின் பல்லக்கு ஏழு ஊர் சுற்றும். சாமி புறப்பட்டால் முன்னால் பெரிய மேளம் நடக்கும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த அந்த மேளத்துக்குள் எத்தனை அதிசயம்!

மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும், தெரியுமா?
வாயில் வைத்து ஊதும் சீவாளி, துளைகள் உள்ள உலவு, கீழே அகன்று விரியும் அணசு. நாதஸ்வரம் என்பது இந்த மூன்றும்தான். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம்! விரல் வைப்பது ஏழே துளைகளில். கமகம், குழைவு எல்லாவற்றிலும் மூச்சுக்கும் உதட்டுக்கும் பெரிய பங்கு. அதனால்தான் அது வாத்தியம் வாசிப்பதுபோல இல்லாமல், ஒருவர் வாய்விட்டுப் பாடுவதுபோலவே கேட்கிறது.

அந்தக் குழல் பிறப்பது கூப்பிடு தூரத்தில்!
கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் நரசிங்கம்பேட்டை. இங்கே ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் காய்ந்த உத்திரமும் தூணும்தான் வேண்டும். ஒரு காலத்தில் கூரையைத் தாங்கிய மரம் இன்று தோடி ராகம் பாடுகிறது! 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இன்று நாம் கேட்கும் நாதத்துக்குக் காரணம் இருவர்!
முன்பு வாசித்தது ‘திமிரி’ என்ற குட்டையான, உச்ச சுருதிக் குழல். நீளமான, தாழ்ந்த சுருதியில் நிற்கும் ‘பாரி’ நாதஸ்வரத்தை உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அதற்குத் தூண்டுகோல் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி என்றாலே அவர்தான்! 1947-இல் சுதந்திரம் பிறந்த வேளையில், திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவுடன் டெல்லி சென்று வாசித்தவரும் அவரே!

தவிலுக்குள் நம் வயலே இருக்கிறது!
குடம் பலாமரம். இடக்கைக் கழி பூவரசு. வலக்கை விரல்களில்? உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு விரல் நுனியிலும் கல்போல இறுகிய வெள்ளைத் தொப்பி. அதற்குப் பெயர் கூடு. அரிசிக் கூழில் துணியை நனைத்துச் சுற்றிக் காயவைத்துச் செய்வது வழக்கம். சோறு போடும் அரிசிதான் அந்தப் ‘படபட’ முழக்கத்தையும் போடுகிறது! பக்கத்தில் நாதஸ்வரக்காரரைக் கவனியுங்கள். குழலில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, எச்சிலில் ஊறவைத்து, ‘பீ’ என்று ஒரு சின்ன ஊதல். சரியில்லையா? அடுத்தது! ஆற்றங்கரை நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டு படியாமல் எந்த வித்வானும் ஆரம்பிக்க மாட்டார்.

சாமி கிளம்பியதை இசையே சொல்லும்!
புறப்பாடு என்றால் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி. அதற்குச் சாகித்தியமே கிடையாது! தேரோட்டத்துக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி. வீட்டுக்குள் இருந்தே கேட்டு, சாமி எங்கே, என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் பழைய ஆட்கள்.

ஃபங்க் இசைக்கும் தவிலுக்கும் ஒரு ஒற்றுமை!
ஜேம்ஸ் பிரௌன் 1960-களில் ஃபங்க்கை வார்த்தபோது தன் குழுவிடம் கேட்டது ஒன்றைத்தான்: முதல் அடி ஓங்கி விழ வேண்டும். தவில் மட்டும் தனித்து முழங்கும் ‘தனி’யிலும் அதே சிலிர்ப்பு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நடை மாறி மாறி ஓடும். கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்கும். கோர்வை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் ‘டக்’கென்று வந்து விழும்போது ஆயிரம் தலைகள் சேர்ந்து ஆடும்!

இந்த இசைக்கு மதமும் இல்லை, எல்லையும் இல்லை!
ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சை பாணியைக் கற்றது கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, உலகமெல்லாம் வாசித்தார். கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தெட்சிணாமூர்த்தியின் தவிலை இன்றும் வித்வான்கள் வியந்து பேசுகிறார்கள். அமெரிக்காவின் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரத்தையே கற்றுக்கொண்டு வாசித்தார்!

உலகம் தேடி வந்த இந்த இசை நம் வாசல் வழியாகவே போகிறது. வரும் சித்திரையில் சாமி தரிசனம் ஆனதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மேளத்தோடு நாலு தெரு நடங்கள், கையில் தாளம் போடுங்கள், தனி முடியும்வரை நில்லுங்கள். வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது, கெட்டிமேளத்தோடு நிறுத்தாமல் முதல் நாள் மாலையில் ஒரு முழுக் கச்சேரியும் கேளுங்கள். நாம் உட்கார்ந்து கேட்டால்தான் நரசிங்கம்பேட்டைப் பட்டறையில் அடுத்த குழல் கடையப்படும். தவில்காரர் வீட்டுப் பிள்ளையும் விரலில் கூடு மாட்டும்!