வாழைப்பழம் தின்றால் நெஞ்சுப் படபடப்பு அடங்குமா?

வள்ளியூர்ப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். குடமும் உடுக்கையும் ஜால்ராவும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் இதயத்திலும் அப்படி ஒரு புலவர் உண்டு. வலது மேலறையில் இருக்கும் சிறு முடிச்சு அது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை தட்டுகிறது.

மேலறைகளில் ஆளாளுக்குத் தட்டத் தொடங்கினால்? தாளம் குலையும். ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

சரி, வாழைப்பழம் எங்கே வந்தது?

இதயத்தின் ஒவ்வொரு தட்டும் ஒரு சிறு மின்சாரம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் செல்லுக்குள்ளும் வெளியிலும் போய்வருவதால் அது பிறக்கிறது. மெக்னீசியம் கூடமாட ஒத்தாசை செய்கிறது.

வயிற்றுப்போக்கிலோ நீர் பிரியும் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்தால் தாளம் தப்பலாம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அளவு சரியாக உள்ளவருக்குக் கூடுதலாகத் தின்பதால் பலனில்லை.

நாண் தளர்ந்தாலும் கெடுதல், முறுக்கேறினாலும் கெடுதல். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் கூடிவிடுவதால் வாழைப்பழமும் இளநீரும்கூட ஆபத்தாகலாம். இதயத்துக்கு நல்லதென்று விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படித்தான்; அளவு மீறினால் தாளக்கோளாறு வரும் வாய்ப்பே கூடுகிறது.

உண்மையில் உதவுவது எது? மதுவை விடுவது, எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டைக்கு வைத்தியம் பார்ப்பது. இவையெல்லாம் மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

இப்போதே மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். தாளம் தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், உடனே 108.