நீடித்த வறட்சியும் மழைக்காடுகளும்

மழை பொய்த்தால் முதலில் புன்செய்ப் பயிர் வாடும் என்பதும், பின்னர்க் கிணறும் குளமும் வற்றும் என்பதும் குடியானவர் யாவரும் அறிந்தவையே. ஆயின், வருஷந்தோறும் 80 அங்குலத்திற்கு மேல் மழை பெறும் வெப்ப நாட்டு அடர்காடுகளும் வறட்சியால் அழிவுறும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இவ்வகைக் காடுகளில் மிகப் பெரியது தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகையில் உள்ளது. அங்கே 2005, 2010, 2015-16, 2023-24 ஆகிய வருஷங்களில் கடும் வறட்சி நேர்ந்தது. பிரேசில் தேசத்து மனாவுஸ் நகரில் நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் 1902 முதல் குறிக்கப்பட்டு வருகின்றது. அது 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கும், 2024 அக்டோபரில் 12.11 மீட்டருக்கும் இறங்கியது. அதற்கு முன் ஒருபோதும் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

ஒரு பருவ மழைக் குறைவை இக்காடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கிழக்கு அமேசானில் பரகோமினாஸ் என்னுமிடத்தில் ஆராய்ந்தபோது, மரங்களின் வேர் 18 மீட்டர் ஆழம் வரை சென்றிருக்கக் காணப்பட்டது. கோடையில் மரங்கள் உறிஞ்சிய நீரில் முக்கால் பங்கிற்கு மேல் 2 மீட்டருக்குக் கீழிருந்து வந்தது. மேல் மண் காய்ந்தும் இலை உதிராதிருப்பதற்கு இதுவே காரணம். ஆனால், ஆழத்து நீர் சேமிப்புப் போன்றதே. நல்ல மழை பெய்து அது மீண்டும் நிரம்பாவிடில் சில வருஷங்களில் தீர்ந்துவிடும்.

அவ்வாறு தீர்ந்தபின் நேர்வது யாது என்பதை அறியப் பிரேசிலின் பாரா மாகாணத்தில் காஷியுவானா காட்டில் ஒரு பரிசோதனை 2002-ல் தொடங்கப்பட்டது. இரண்டரை ஏக்கர் காட்டில், தரைக்குச் சற்று மேலே பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, மரங்களினூடே விழும் மழையில் ஏறக்குறைய பாதியை வாய்க்கால் வழியே வெளியேற்றினார்கள். அருகில் அதே அளவுள்ள காட்டை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். சில வருஷங்கள் வரை பெரிய வேறுபாடு தென்படவில்லை. பின்னர்ப் பெருமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. தபஜோஸ் காட்டில் நடந்த இதே போன்ற பரிசோதனையிலும் பெருமரங்களின் சாவு நாலரை மடங்காயிற்று.

பெருமரம் முதலில் சாவானேன்? அதன் முடி மற்ற மரங்களுக்கு மேலே உயர்ந்து, வெயிலும் காற்றும் நேரே தாக்க நிற்கின்றது. வேரிலிருந்து அவ்வுயரத்திற்கு நீர், நுண்ணிய குழல்களில் அறுபடாத இழைபோல் இழுக்கப்படுகின்றது. மண் காயக் காய அவ்விழுப்பு மிகும். அளவு மீறினால் குழலுக்குள் காற்று புகுந்து நீரிழை அறுந்துபோகும். பம்பின் உறிஞ்சு குழாய் காற்று வாங்கினால், எஞ்சின் ஓடினும் நீர் ஏறாதல்லவா? அதை ஒத்ததே இது. இறந்துகொண்டிருந்த மரங்களில் மாப்பொருள் குறையவில்லை என்பதால், அவை உணவின்றிச் சாகவில்லை, நீரோட்டம் அற்றே சாகின்றன என்பது 2015-ல் தெளிவாக்கப்பட்டது.

இப்பரிசோதனை 20 வருஷங்களுக்கு மேல் நீடித்தது. காட்டின் மரப்பொருளில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் அழிந்தது. பெரும் நஷ்டம் முதல் 15 வருஷங்களில் நேர்ந்தது. அதன்பின் எஞ்சிய மரங்களுக்கு இருக்கும் நீர் போதுமானதாகி, காடு சிறுத்த நிலையில் நிலைத்தது. ஆகவே வறட்சி ஒன்றினாலேயே காடு முற்றும் மறைந்துவிடவில்லை. ஆயினும், அங்கே மழை மட்டுமே குறைக்கப்பட்டது. மெய்யான வறட்சியில் காற்றின் உஷ்ணமும் உடன் ஏறும்.

அதனினும் கொடியது தீ. பெருமரங்கள் சாய்ந்தால் வெயில் தரையை எட்டிச் சருகைக் காய்விக்கும். இம்மரங்களுட் பலவற்றின் பட்டை மெல்லியதாகையால், தரையோடு ஊரும் சிறு தீயே அவற்றைக் கொன்றுவிடும். மேய்ச்சல் நிலத்திலும் வெட்டிய கொல்லையிலும் வைக்கும் தீயே வறண்ட வருஷத்தில் காட்டிற்குள் பரவுகின்றது. 1998-ன் தொடக்கத்தில் ரொரைமா மாகாணத்தில் காடு எரிந்தது இவ்விதமே.

இந்நஷ்டம் காட்டோடு நிற்பதன்று. மரங்கள் இலைவழியே விடும் நீராவி மீண்டும் மழையாகின்றது. பெலேமுக்கும் மனாவுஸுக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி இவ்வாறு வருவதென எனியாஸ் சலாட்டி 1970-களில் கணித்தார். அந்த ஈரத்தில் ஒரு பகுதியை, ஆண்டிஸ் மலைத்தொடரால் திருப்பப்பட்ட காற்று தெற்கே கொண்டுசென்று, பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா தேசங்களின் சோயா, மக்காச்சோள வயல்களுக்கு மழை தருகின்றது. எனவே காடு சிறுத்தால் தொலைவிலுள்ள குடியானவனின் மழையும் குறுகும்.

வறட்சியைத் தடுப்பது எவர் கையிலும் இல்லை. தீயைத் தடுப்பதோ மனிதர் கையில் உள்ளது. காட்டோரத்தில் நிலமுடையோர் மழை குன்றிய வருஷத்தில் தரிசையும் தாளையும் கொளுத்தாதிருப்பதும், எல்லையில் சருகு நீக்கித் தீத்தடுப்புப் பாதை வைப்பதும், கிராம அதிகாரிகள் கோடைக்கு முன்னரே இவற்றை எடுத்துரைத்து மேற்பார்ப்பதும் நலம். தாகத்தைத் தாங்கிப் பிழைத்த காடு, தாகத்தோடு தீயும் சேர்ந்தால் பிழைப்பது அரிது.