டீசல் கணக்கு இடிக்கிறதா? ஓட்டுநரைக் கேட்கும் முன் லாரிக்கு அடியில் பாருங்கள்

செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளில் மாதக் கடைசியில் எழும் தகராறு ஒன்று உண்டு. ஊற்றிய டீசலுக்கும் ஓடிய தூரத்துக்கும் கணக்கு ஒத்துவராது. முதலாளியின் பார்வை உடனே ஓட்டுநர் பக்கம் திரும்பும். "நான் எடுக்கவில்லை" என்று அவர் சொன்னாலும், அதை மெய்ப்பிக்க அவரிடம் எதுவும் இருக்காது. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. அதன் பின் விலை ஏறி இறங்கினாலும், காணாமல் போகும் ஒவ்வொரு லிட்டரும் இப்போது கண்ணை உறுத்துகிறது.

20, 25 ஆண்டு ஓடிய லாரி என்றால், திருட்டுக்கு முன் சந்தேகிக்க வேண்டியது கசிவைத்தான். மணிக்கு 100 மில்லி மட்டுமே ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 மணி நேரம், மாதத்தில் 26 நாள் ஓடினால் 26 லிட்டர் போய்விடும். 3 வெள்ளி 35 காசு விலையில் அது 87 வெள்ளிக்கு மேல். தரையில் ஒரு பொட்டு ஈரம்கூடத் தெரியாமலேயே இது நடக்கலாம். ஓடும்போது மட்டும் ஒழுகும் டீசலைக் காற்று பின்னால் அடித்துச் சேசிஸ் மீது பூசிவிடும். அதில் செம்மண் ஒட்டிக்கொண்டால் யார் கண்ணிலும் படாது.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. மாலையில் லாரியைச் சமதரையில் நிறுத்தி, டாங்கியில் ஒரு சுத்தமான கம்பியை விட்டு டீசல் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வைக்க வேண்டும். காலையில் மட்டம் இறங்கி, அட்டையும் நனைந்திருந்தால் கசிவு டாங்கியிலோ, டாங்கி மட்டத்துக்குக் கீழே உள்ள பைப்பிலோ இருக்கிறது. மட்டம் இறங்கி அட்டை காய்ந்திருந்தால், அப்போது பூட்டைப் பற்றிப் பேசலாம். மட்டம் அப்படியே இருந்தால் இழப்பு பகலில், இன்ஜின் ஓடும்போது நடக்கிறது. இந்தச் சோதனையை ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது இருவருக்கும் நல்லது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் பலர் செய்யும் தவறு, ஈரமாகத் தெரியும் நட்டை உடனே இறுக்குவது. டீசல் மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாக ஓடும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எனவே முதல் வேலை கழுவுவதுதான். இன்ஜின் ஆறிய பிறகு எண்ணெய் அழுக்கு நீக்கும் திரவம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். சூடாக இருக்கும் டீசல் பம்ப் மீது தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. காய்ந்ததும், சந்தேகப்படும் இணைப்புகள் மேல் முகப்பவுடரைத் தூவலாம். பழைய மெக்கானிக்குகளின் இந்த வழியை எந்தக் கருவியும் இன்னும் தோற்கடிக்கவில்லை. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியபின், பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதுவே குற்றவாளி.

இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்புகளைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே அழுத்தம் 100 பாருக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் காயம் தெரியும். உள்ளே சதை அழுகி விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓடும்போது பார்த்தே ஆகவேண்டும் என்றால் கைக்குப் பதில் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

இனி, எங்கெல்லாம் கசியும் என்பது. மிக அதிகமாகப் பழுதாவது இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரப்பர் ஹோஸ்கள். இன்ஜின் சூட்டில் வெந்து வெடிக்கும். நாட்டில் பரவலாக விற்கும் டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கப்படுகிறது. லாரி ஏற்றிப்போன குலைதான் சுற்றிவந்து அதன் டாங்கியிலேயே இறங்குகிறது! பழைய காலத்து ரப்பர் சில இதற்குத் தாங்காமல் ஊதி இளகிவிடும். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். டீசலுக்கென்று செய்த ஹோஸையே கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் ஹோஸும் மீன்தொட்டி டியூபும் சில வாரங்கள்கூடத் தாங்காது.

அடுத்தது, பில்டரிலும் பம்பிலும் உள்ள நடுவில் துளையிட்ட போல்ட்டுகள். பட்டறையில் பேஞ்சோ என்பார்கள். இதன் இரு பக்கமும் உள்ள செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை சரியாகப் படியாது. சில வெள்ளிப் பொருள்தான், கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடலாம். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் போல்ட் முறியும், பம்பின் மரை போய்விடும். அப்புறம் செலவு சில வெள்ளியில் நிற்காது.

இன்ஜெக்டர் இரும்பு பைப் விரிந்தால், பைப்பை மட்டும் மாற்றிவிட்டு விடக் கூடாது. பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். யாரோ கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாததால்தான் பைப் அதிர்ந்து விரிந்திருக்கும். இந்தப் பைப்பைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து. சூடான எக்ஸாஸ்ட் மீது டீசல் பட்டால் நெருப்புப் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதற்கு 210 டிகிரி அளவு சூடு போதும், ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும் லாரியின் எக்ஸாஸ்ட் அதைத் தாண்டிவிடும். பழைய லாரிகளை வெட்டி விற்கும் பொத்தோங் கடைகளில் அதே இன்ஜின் பைப் கிடைக்கும்.

ஒழுகாத கசிவும் உண்டு. டாங்கிக்கும் கைப்பம்புக்கும் இடையில் உள்ள பைப் டீசலை உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதும், ஏற்றத்தில் மூச்சுத் திணறுவதும் இதன் அறிகுறி. டீசலுக்கு ஏற்ற தெளிவான ஹோஸ் துண்டைத் தற்காலிகமாக நடுவில் பொருத்தினால் குமிழ் ஓடுவது தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது உள்கசிவு. கைப்பம்பின் சீல் தேய்ந்தால் சில இன்ஜின்களில் டீசல் நேராக இன்ஜின் எண்ணெயில் கலக்கும். அளவுக்கம்பியில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். "எண்ணெயே குறையாத நல்ல இன்ஜின்" என்று மகிழ்ந்து ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜினே போய்விடும். அன்றே நிறுத்தி, சீலையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும்.

டாங்கி துருப்பிடித்துக் கசிந்தால், வழியில் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பது பட்டறை போய்ச் சேரும்வரைதான். பெரும்பாலும் பட்டை சுற்றிய இடத்தில், சேறு தங்கித்தான் துரு பிடிக்கும். டீசலைக் காலிசெய்துவிட்டோமே என்று வீட்டு வாசலில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டாங்கியில் தங்கும் ஆவி வெடிக்கும்; முழு டாங்கியைவிட அதுவே ஆபத்தானது. கழற்றி, நீராவியால் கழுவி, அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு டாங்கி வாங்குவது மேல்.

வேலை முடிந்ததும் பில்டர் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். சிந்திய டீசலை மரத்தூளோ மணலோ போட்டு அள்ள வேண்டும். தண்ணீர் விட்டு அலசினால் அது லயத்துக் கால்வாய்க்குத்தான் போகும். சாலை வளைவில் சிந்திய டீசலில் மோட்டார் சைக்கிள் எப்படிச் சறுக்கும் என்பது காலையில் வேலைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். பிறகு பாரம் ஏற்றி ஒரு நடை ஆலைக்குப் போய்வந்ததும் அதே இடங்களை மறுபடி துடைத்துப் பார்க்க வேண்டும். வெறும் லாரியில் காய்ந்திருக்கும் இணைப்பு, பாரத்தின் அதிர்வில் மீண்டும் நனையலாம். அடுத்த முறை டாங்கியை வாய்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை முதலாளியும் ஓட்டுநரும் ஒரே புத்தகத்தில் எழுதத் தொடங்கலாம்.