முடி உதிர்வும் கண் நோயும்

முடி உதிர்ந்தால் எண்ணெயை மாற்றுகிறோம்; ஊர்த் தண்ணீரைப் பழிக்கிறோம். ஆனால் பார்வை மங்கிச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் முடி உதிரவும், புருவமும் இமைமயிரும் வெளுக்கவும் தொடங்கினால், அதனைத் தலைக்கு மட்டும் உரிய நோயென்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

அந்நோயின் பெயர் வோக்ட்-கோயனாகி-ஹரடா நோய். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் வோக்ட் 1906இலும், ஜப்பானியரான ஹரடா 1926இலும், கோயனாகி 1929இலும் எழுதியவற்றால் இப்பெயர் நிலைத்தது. எனினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பக்தாதின் கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா, கண் அழற்சியோடு இமைமயிர் வெளுப்பதைக் குறித்துச் சென்றதாக மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நோயின் பெயரில் அவருக்கு இடமில்லாமற் போனது வேறு கதை!

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின். அதனை ஆக்கும் செல்கள் கண்ணின் நடுப்படலத்திலும், உட்காதிலும், மூளையுறையிலுங்கூட உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் இச்செல்களையே பகையெனக் கருதித் தாக்குகிறது. ஆகவேதான் முதலில் தலைவலி, கழுத்து விறைப்பு, காதில் இரைச்சல், தலைமுடியைத் தொட்டாலே ஒருவிதக் கூச்சம். சில நாட்களில் இரு கண்களும் மங்குகின்றன. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, அது தன் இடத்திலிருந்து பிரிந்தெழுகிறது. தலை தன் செய்தியைச் சொல்ல வருவதற்குள் கண்ணில் பாதிக் காரியம் நடந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து.

இது தொற்றுநோயன்று. 20 முதல் 50 வயதினரிடம், அதிலும் பெண்களிடம் மிகுதி. முக்காட்டுக்குள் உதிரும் முடியை வீட்டாரும் அறியார். கண் மருத்துவரும் காணார். ஆதலின் சகோதரிகளே, கண்ணைக் காட்டச் செல்லும்போது முடியையும் காது இரைச்சலையும் பற்றி நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

தொடக்கத்திலேயே உயர்ந்த அளவில் ஸ்டீராய்டு தந்து, பின்னர் மெல்ல மெல்லக் குறைப்பதே மருத்துவம்; அதற்குக் குறைந்தது 6 மாதங்களாவது ஆகும். முகம் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று பலர் இடையில் தாமே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். திடீரென நிறுத்துவது உடலுக்கே கேடு; அழற்சியும் திரும்பும். பின் கண்புரையும், கண்நீர் அழுத்தமும் தொடரும். ஸ்டீராய்டு ஒவ்வாதாருக்கு மெத்தோட்ரெக்சேட், அசாதயோப்ரின் போன்றவை உள்ளன. செலவு மிகுந்த அடலிமுமாப் ஊசியும் உண்டு. எதை, எவ்வளவு என்பது மருத்துவர் கையில்.

முறையாக மருந்துண்டோர் பலருக்குப் பார்வை நன்கு மீள்கிறது. உதிர்ந்த முடியும் சிலருக்கு மீண்டும் முளைக்கிறது. வெளுத்த இமைமயிர் மட்டும் பெரும்பாலும் வெளுத்தபடியே நின்றுவிடும்.