மும்பை மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடினேன், வந்ததும் ஹோம் லோனைத் தள்ளிப் போட்டேன்!



"முதலீடுங்கிறது 100 மீட்டர் ஓட்டம் இல்லை, மாரத்தான்." இந்த வசனத்தை நம்ம சேனலிலேயே ஒரு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். சொன்னபோதெல்லாம் நான் மாரத்தான் ஓடினதே கிடையாது. தெருமுனை டீக்கடைக்கே பைக் எடுத்துட்டுப் போற ஆள் நான்.

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. மும்பை மாரத்தானில் முழு 42.195 கிலோமீட்டரும் ஓடி முடித்தேன். உங்களை ஓடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஓட்டத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அதே மாதம் பணத்தில் அதைவிடப் பெரிய ஒரு தப்பு செய்யத் தயாராக இருந்தேன். முதல் தப்பு ரெண்டாவது தப்பைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

புது வீடும் ஒரு கேள்வியும்

எங்க ஆபீஸ்ல ஒரு ரன்னிங் குரூப் இருக்கு. சனி, ஞாயிறு காலையில் திருவான்மியூரில் இருந்து மெரினா வரை ஓடுவோம். அதில் மூணு பேர் எனக்கு நெருங்கிய நண்பர்கள். அந்த மூணு பேருமே 2023-ல் ஓஎம்ஆர் பக்கம் ஒரே அப்பார்ட்மென்ட்டில் 3 பிஎச்கே வாங்கினார்கள். "நீயும் வந்துடு, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கலாம்" என்றார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

விலை 75 லட்சம். லோன் 60 லட்சம். மார்கழியில் எதுவும் வேண்டாம் என்று அம்மா சொன்னதால், கார்த்திகையிலேயே 50,000 ரூபாய் புக்கிங் கட்டினேன். தை பிறந்ததும் அக்ரிமென்ட் போடுவதாகப் பேச்சு.

புக்கிங் ரசீதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, உங்க சம்பளம் மட்டும் நின்னுடுச்சுன்னா இது எத்தனை மாசம் ஓடும்?"

"அதெல்லாம் ஓடும்" என்று சிரித்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டேன்.

காலை இருட்டில் சிஎஸ்எம்டி

செலவைப் பத்தி முதலில் சொல்லிடறேன், எப்படியும் கேட்பீங்க. ஷூ, பதிவுக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 29,000 ரூபாய் ஆச்சு. ஒரு வருஷம் மாதம் 2,500 ரூபாய் ஆர்டி போட்டு வைத்திருந்தேன், அதில் முடிந்துவிட்டது. ஹோட்டல் செலவு இல்லை. மாட்டுங்காவில் என் மனைவியின் மாமா வீடு இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மும்பைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். முந்தின நாள் ராத்திரி அத்தை போட்ட தயிர் சாதம்தான் எனக்கு ரேஸ் சாப்பாடு.

மும்பை மாரத்தான் 2004-ல் ஆரம்பித்தது. சத்ரபதி சிவாஜி மஹாராஜ் டெர்மினஸ், அதாவது சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு முன்னால் புறப்பட்டு, மரைன் டிரைவ், ஹாஜி அலி, வொர்லி என்று வடக்கே போய், கடல் மேல் கட்டிய பாந்த்ரா - வொர்லி சீ லிங்க்கைத் தாண்டி, மாஹிம் வழியாகத் திரும்பி, மறுபடியும் அதே சிஎஸ்எம்டிக்கு வந்து சேரணும். சாதாரண நாளில் சீ லிங்க்கில் பைக்கைக்கூட விடமாட்டார்கள். கால் வைத்து நடக்கவும் முடியாது. ஓட்டக்காரர்களுக்கு இந்த மாரத்தான் மேல் இருக்கிற மோகத்துக்கு அது ஒரு பெரிய காரணம்.

விடியாத நேரத்தில் அந்தப் பழைய கட்டிடத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் நின்று கொண்டிருந்தோம். தெரியாதவர்கள் கை கொடுக்கிறார்கள். ஜனவரியிலும் புழுக்கம். வயிற்றுக்குள் பரீட்சை நாள் மாதிரி ஒரு கலக்கம்.

அடுத்தவன் வேகத்தில் 21 கிலோமீட்டர்

என் பயிற்சி எனக்குச் சொன்ன வேகம் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி. 32 கிலோமீட்டர் வரை அந்த வேகத்தில் ஓடிப் பார்த்திருக்கிறேன். அதே வேகத்தில் போனால் 4 மணி 44 நிமிடத்தில் முடிக்கலாம். நோட்டில் எழுதியே வைத்திருந்தேன்.

என் நண்பர்கள் மூணு பேரும் 4:15 பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் என்றால் நிஜ பஸ் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் முடிக்கிற மாதிரி ஒரே சீராக ஓடும் பேஸருக்குப் பின்னால் கூட்டமாக ஓடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். "வா மச்சி, சேர்ந்தே போலாம்" என்றான் ஒருத்தன். நோட்டில் எழுதினது மறந்து போச்சு. நானும் ஏறிவிட்டேன்.

ஆரம்பத்தில் அந்த வேகம் கஷ்டமாகவே இல்லை. மாரத்தானின் தந்திரமே அதுதான். உடம்பு புதுசு, கூட்டம் கத்துகிறது, பக்கத்தில் நண்பர்கள். சீ லிங்க்கில் ஏறும்போது கடல் காற்று முகத்தில் அடித்தது. 'நான் என்னைக் குறைச்சு மதிப்பிட்டுட்டேன் போல' என்று நினைத்தேன். பாதித் தூரத்தை 2 மணி 8 நிமிடத்தில் தொட்டேன். என் திட்டப்படி 2:22 ஆகியிருக்க வேண்டும். 14 நிமிடம் லாபம்!

மாஹிம் தாண்டி சிவாஜி பார்க் பக்கம் மாமா நின்றிருந்தார். கையில் உரித்த ஆரஞ்சு. என் மூச்சைப் பார்த்ததும் ஓடிக்கொண்டே அருகில் வந்தார். "மெதுவாப் போப்பா, வி.டி. ஸ்டேஷன் எங்கயும் போயிடாது" என்றார். விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயர் மாறி எவ்வளவோ வருஷம் ஆச்சு. அவருக்கு இன்னும் அது வி.டி.தான். நான் ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை.

'வால்' வந்தது

30 கிலோமீட்டர் பக்கம் தொடையில் யாரோ சிமென்ட் ஊற்றின மாதிரி ஆயிடுச்சு. ஓட்டக்காரர்கள் இதை 'வால்' என்பார்கள். குரங்கு வால் இல்லைங்க, சுவர்.

காரணம் எளிது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. அந்த இருப்புக்கு ஓர் அளவு உண்டு. வேகம் கூடக் கூட அது சீக்கிரம் கரையும். தீர்ந்தால் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை நம்பி ஓட வேண்டும், அதில் அந்த வேகம் வராது. சுருக்கமாச் சொன்னா, சேமிப்பு காலி, செலவு மட்டும் அப்படியே நிக்குது.

பஸ் என்னை விட்டுப் போய்விட்டது. நண்பர்கள் மேல் தப்பே இல்லை. அது அவர்களுடைய வேகம், அவர்கள் அதற்காகப் பயிற்சி எடுத்தவர்கள். 4:16-க்கு முடித்துவிட்டார்கள்.

35-ஐத் தாண்டி பெடார் ரோடு ஏற்றம். அங்கே நான் ஓடவில்லை, நடந்தேன். ரோட்டோரத்தில் வீட்டுக்காரர்கள் தட்டில் பிஸ்கட், கடலை மிட்டாய், உப்பு எல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பாட்டி இந்தியில் ஏதோ சொல்லித் தோளில் தட்டினார். அப்போதுதான் மனைவியின் கேள்வி திடீரென்று ஞாபகம் வந்தது. 'எத்தனை மாசம் ஓடும்?' கால் ஓடாதபோது மூளை நல்லா ஓடும் போல. அந்த ஏற்றத்தில் நடந்துகொண்டே முதல் முறையாக அந்தக் கணக்கைப் போட்டேன்.

5 மணி 21 நிமிடத்தில் சிஎஸ்எம்டி வந்து சேர்ந்தேன். முதல் பாதியில் மிச்சம் பிடித்தது 14 நிமிடம். ரெண்டாம் பாதியில் திருப்பிக் கட்டினது 51 நிமிடம். இப்படி வட்டி வாங்குகிற பேங்க் எந்த ஊரில் இருக்கு?

சாதாரண ஆளுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைக்காதீங்க. 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35 என்ற உலக சாதனை படைத்தார். அவருடைய முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி. ரெண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. உலக சாதனைக்காரரே முதல் பாதியை நிதானமாகத்தான் ஓடியிருக்கிறார்.

பெடார் ரோட்டில் போட்ட கணக்கு

எங்க வீட்டுக்கு மாதம் வருவது: என் சம்பளம் 82,000, மனைவி சம்பளம் 46,000. மொத்தம் 1,28,000 ரூபாய்.

புது வீட்டுக்குப் போனால் மாதச் செலவு:

- ஹோம் லோன் இஎம்ஐ (60 லட்சம், 8.5%, 20 வருஷம்): 52,000
- கார் லோன்: 11,500
- வீட்டுச் செலவு: 38,000
- அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸ்: 4,000
- மொத்தம்: 1,05,500

ரெண்டு சம்பளமும் வரும்வரை மாதம் 22,500 மிச்சம். பார்க்க அழகாத்தான் இருக்கு, முதல் 21 கிலோமீட்டர் மாதிரி.

என் சம்பளம் நின்றால்? 46,000 வரும், 1,05,500 போகும். மாதம் 59,500 துண்டு விழும். டவுன் பேமென்ட், பதிவுச் செலவு, இன்டீரியர் எல்லாம் போனபிறகு கையில் இருக்கப் போவது 1,20,000 ரூபாய். எங்க சேமிப்பு, பிஎஃப் முன்பணம், அப்பா தருவதாகச் சொன்னது எல்லாத்தையும் வழித்துப் போட்ட பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான்.

அப்போ எத்தனை மாசம் ஓடும்? ரெண்டே மாசம்.

அதே நேரம், 18,000 வாடகை கொடுக்கும் இப்போதைய வீட்டிலேயே இருந்தால் செலவு 67,500. என் சம்பளம் நின்றாலும் துண்டு 21,500தான். எங்க சொந்தச் சேமிப்பு 14 லட்சம் அப்படியே இருக்கும். அஞ்சு வருஷத்துக்கு மேல் தாங்கும்.

ரெண்டு மாசம் எங்கே, அஞ்சு வருஷம் எங்கே! லோன் கொடுக்கும்போது பேங்க், என் சம்பளத்துக்கு இந்த இஎம்ஐ தாங்குமா என்றுதான் பார்த்தது. சம்பளம் நின்றால் தாங்குமா என்று கேட்டது என் மனைவி மட்டும்தான்.

அப்புறம் என்ன செய்தோம்?

சென்னைக்கு வந்து, மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறின அன்றைக்கே அவளிடம் கணக்கைக் காட்டினேன். "நீங்க ஓடிட்டு வந்து சொல்றதுக்கு 42 கிலோமீட்டர் தேவைப்பட்டிருக்கு" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புக்கிங்கை ரத்து செய்தோம். 50,000-ல் 35,000தான் திரும்பி வந்தது. நண்பர்களிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் மூணு வேலை செய்தோம். முதலில் பாக்கி 2.6 லட்சத்தைக் கட்டி கார் லோனை முடித்தோம். ரெண்டாவது, 3.5 லட்சத்தை எமர்ஜென்சி ஃபண்டாக ஒதுக்கி எஃப்டியிலும் லிக்விட் ஃபண்டிலும் போட்டோம். மூணாவது, மிச்சமானதை எல்லாம் டவுன் பேமென்ட்டுக்குச் சேர்த்தோம்.

2025 ஆவணியில் கிரகப்பிரவேசம். 3 பிஎச்கே இல்லை, 2 பிஎச்கே. லோன் 45 லட்சம். அதே 8.5% கணக்கில் இஎம்ஐ 39,000. வீட்டுச் செலவும் மெயின்டனன்ஸும் சேர்த்து 81,000. என் ஒருத்தன் சம்பளத்திலேயே குடும்பம் ஓடும். என் சம்பளம் நின்றால்? 35,000 துண்டு விழும், எமர்ஜென்சி ஃபண்ட் பத்து மாசம் தாங்கும்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். எங்க ரெண்டு பேர் வேலைக்கும் இதுவரை எதுவும் ஆகவில்லை. அந்த 3 பிஎச்கே விலையும் ஆறு லட்சம் ஏறிவிட்டது. 'அன்றைக்கே வாங்கியிருக்கலாமே' என்று யாராவது கேட்டால், கணக்குப்படி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் 2024-ல் எங்க கம்பெனியில் ஆள் குறைப்பு பத்திப் பேச்சு வந்த ஒவ்வொரு தடவையும் நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஆறு லட்சமும் ஒரு பெட்ரூமும் அதற்குக் கொடுத்த விலை. எனக்கு அது கட்டுப்படியாகுது.

நீங்க இன்னைக்கே போட வேண்டிய கணக்கு

1. புது இஎம்ஐயைச் சேர்த்து மொத்த மாதச் செலவை ஒரு பேப்பரில் எழுதுங்க.
2. வீட்டில் அதிகம் வரும் சம்பளத்தை அடிச்சுட்டு, மிச்ச வருமானத்தை அதிலிருந்து கழிங்க. வருவது உங்க மாதத் துண்டு. ஒரே சம்பளம்தான் என்றால் மொத்தச் செலவே துண்டு.
3. டவுன் பேமென்ட் கொடுத்தபிறகு கையில் நிற்கும் பணத்தை அந்தத் துண்டால் வகுங்க.
4. விடை ஆறு மாசத்துக்குக் கீழே வந்தால், வீடு வேண்டாம் என்று அர்த்தமில்லை. லோனைக் குறைங்க, இல்லைன்னா தேதியைத் தள்ளுங்க.

உங்க டீம்ல இருக்கிறவர் எவ்வளவு இஎம்ஐ கட்டுகிறார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது, கவனிச்சீங்களா?

அடுத்த ஜனவரியில் மறுபடியும் மும்பைக்குப் போகலாம்னு இருக்கேன். இந்தத் தடவை 4:45 பஸ். மாமா சிவாஜி பார்க்கில் ஆரஞ்சோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்க வீட்டில் எத்தனை மாசம் ஓடும்? நம்பரை மட்டும் கமென்ட்டில் போடுங்க. சம்பளம் எவ்வளவுன்னு நான் கேட்க மாட்டேன்!