ஸ்போர்ட்ஸ் காரின் ஆயுள் ஒரு சின்னத் துளையில்!

பிரிட்டனில் மரங்கள் இலையை உதிர்த்து முடித்து, மழை பிடித்துக்கொள்ளும் நேரம். மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் வைத்திருப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் அப்போது ஒரு காரியம் செய்வார்கள். துணிக் கூரையைப் பாதி மடக்கி, சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் விரலை விட்டு, மக்கிப்போன இலைகளையும் மண்ணையும் வழித்து எடுப்பார்கள். அங்கே இருக்கும் துளைக்குள், புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பை விட்டு மெதுவாகக் குடைவார்கள். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், காருக்கு அடியில் அந்தத் தண்ணீர் ஒழுகினால் நிம்மதி. ஒழுகவில்லை என்றால், அது காரின் உடம்புக்குள்ளேயே எங்கோ தேங்குகிறது என்று அர்த்தம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சீறும் இன்ஜினும் சிவப்பு பெயின்ட்டும்தான் எல்லோர் மனக்கண்ணிலும் வரும். டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் காட்சி யாருக்கும் வராது. ஆனால், 35 வயதான ஒரு எம்.எக்ஸ்-5 இன்றைக்கும் சாலையில் ஓடுகிறது என்றால், அதற்குக் காரணம் குதிரைத்திறன் இல்லை. யாரோ ஒருவர் இப்படிச் சின்னச் சின்ன வேலைகளைத் தள்ளிப்போடாமல் செய்துவந்திருக்கிறார்.

எளிய காராகப் பிறந்தது

1970-களின் பிற்பகுதியில் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கெனிச்சி யாமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார். பிரிட்டிஷ் கம்பெனிகள் செய்துவந்த எடை குறைந்த, கூரை திறக்கும் குட்டி கார்கள் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த இடத்தை மாஸ்டா பிடிக்கலாமே என்பதுதான் யோசனை. பிற்பாடு ஹாலே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 மியாட்டா அறிமுகமானது. அமெரிக்காவில் ஆரம்ப விலை 13,800 டாலர்.

1.6 லிட்டர் இன்ஜின், 5 கியர், பின்சக்கர டிரைவ், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அவ்வளவுதான். நேர்ச்சாலையில் இன்றைய குடும்பக் கார்கள் பலவும் அதை முந்திவிடும். ஆனால் குதிரையும் அதில் சவாரி செய்பவரும் ஒரே உடம்பாக இயங்குவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத்தான் மாஸ்டா இதன் தத்துவமாக வைத்தது. அது மக்களுக்குப் பிடித்துப்போனது. அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000-ம் ஆண்டு கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமா ஆலையிலிருந்து வெளியே வந்தது.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

1989-ல் அடிப்படை மாடலில் பவர் ஸ்டீயரிங்கூடக் கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அலாய் வீல், பவர் ஸ்டீயரிங், கேசட் பிளேயர் வேண்டுமென்றால் தனி பேக்கேஜ். ஏ.சி, கழற்றி மாட்டும் கடினக் கூரை, எல்.எஸ்.டி எனப்படும் விசேஷ டிஃபரென்ஷியல் எல்லாம் தனித்தனி விலை.

இன்றைக்குப் பட்டியல் நீண்டுவிட்டது. பிரிட்டனில் 1.5 லிட்டரா, 2 லிட்டரா என்பதில் ஆரம்பிக்கும் குழப்பம். துணிக் கூரையா, சுமார் 13 விநாடிகளில் தானாக மடங்கும் ஆர்.எஃப் ரகக் கூரையா என்பது அடுத்தது. அமெரிக்காவில் விற்கும் கிளப் ரகத்தில் பிரெம்போ பிரேக், பி.பி.எஸ் வீல், ரெகாரோ சீட் என்று ஒரு பேக்கேஜும் உண்டு.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பின்னால் மாற்ற முடியாததையும், மாற்றினால் பெரும் செலவு வைப்பதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இன்ஜின், கூரை, எல்.எஸ்.டி மூன்றும் அந்த வகை. வளைவில் ஒரு பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றும்போது, அடுத்த சக்கரத்துக்கும் சக்தியை அனுப்புவதுதான் எல்.எஸ்.டி-யின் வேலை. மலைச்சாலையில் ரசித்து ஓட்டுபவருக்கு அது பயன்படும். நகரத்துக்குள் ஆபீஸ் போய்வருபவருக்கு அதன் அருமை தெரியப்போவதில்லை. ஸ்பீக்கர், மேட், கியர் குமிழ் இதையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய வீல் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் எடை கூடிய வீலும் பட்டையான டயரும், பள்ளம் மேட்டை அப்படியே முதுகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். டயர் விலையும் கூடும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 வெறும் 14 இன்ச் வீலில்தான் அத்தனை பேரையும் மயக்கியது.

யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

காருக்கு லட்சங்களைக் கொட்டியவர்களே டயருக்குக் கணக்குப் பார்ப்பது உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் வார இறுதியில்தான் வெளியே வரும். அதனால் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும். பட்டன் புதிது போலத் தெரியும், ரப்பரோ இறுகிப்போயிருக்கும். ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று பொருள். எந்தக் காராக இருந்தாலும் இதை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

பிரேக் ஆயிலும் இப்படித்தான். கார் நின்றுகொண்டே இருந்தாலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் மலை இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், பெடல் பஞ்சு போல அமுங்கிவிடும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

முதல் இரண்டு தலைமுறை எம்.எக்ஸ்-5-ல் டைமிங் பெல்ட் உண்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் இருந்து செயின். இன்னொன்று, முதல் இரண்டு தலைமுறையிலும் பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கிறது. வாயுவை வெளியேற்றும் குழாயோடு சேர்ந்த பிரத்யேக பேட்டரி அது. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்துவிட்டால், அமில ஆவி டிக்கித் தகட்டை அரித்துவிடும். பேட்டரியில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு வெல்டிங்குக்குப் போகும்.

பழைய காரை வாங்கும்போது...

மழை பெய்யும்போது துணிக் கூரையில் இருந்து வடியும் தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாக இறங்கி வெளியேற வேண்டும். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் இலை அடைத்தால் சுவர் ஊறுவது போல, இங்கே அடைப்பு வந்தால் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பெட்டி ஊறும். சில நேரம் தண்ணீர் உள்ளே வழிந்து கார்ப்பெட்டும் நனையும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். உள்ளே தண்ணீர், வெளியே உப்பு. துரு இரண்டு பக்கமும் தின்னும்.

அங்கே மூன்று வருடம் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி சோதனையில் தேற வேண்டும். காரின் உடம்பைத் தாங்கும் அந்தப் பகுதி துருவில் பலவீனமானால் கார் ஃபெயில். பெயின்ட் பளபளக்கும், இன்ஜின் பாடும். ஆனாலும் சாலைக்கு வர முடியாது. வெல்டிங் செலவு காரின் மதிப்பையே தாண்டிவிட்டால், போய்ச் சேரும் இடம் உடைப்புக் கடைதான்.

அதனால்தான் அனுபவசாலிகள் பழைய எம்.எக்ஸ்-5-ஐப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன், பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டு ஈரம் பார்ப்பார்கள். அடுத்து ரேடியேட்டர். மேலே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால், வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. முதல் தலைமுறை காரின் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கில் ஆனது. ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வைக்காமல் கூரையை மடக்கினால் மடிப்பு விழுந்து நாளடைவில் கிழியும். அதில் கீறல் இல்லை என்றால், முந்தைய உரிமையாளர் பொறுமைசாலி என்று நம்பலாம். டர்போ மாட்டியது, தாழ்த்தி ஸ்ப்ரிங் போட்டது என்று பெருமையாகச் சொன்னால், சர்வீஸ் பில்களைக் கேட்பது உத்தமம். பில் கட்டு கனமாக இருந்தால் கார் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தாய்வீட்டுக்குத் திரும்பிய கார்கள்

2017-ல் மாஸ்டா நிறுவனமே ஜப்பானில் முதல் தலைமுறை கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. துணிக் கூரை, அலாய் வீல், நார்டி மர ஸ்டீயரிங் எல்லாவற்றையும் மீண்டும் தயாரித்தார்கள். அந்தக் காலத்து டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடி செய்துகொடுத்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு எளிய காருக்கு இத்தனை மரியாதை!

ஆனால் அப்படிப் புதுப்பிப்பதற்குக் கார் என்று ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் புதிதாகச் செய்துவிடலாம். அரித்துப்போன உடம்பை மீட்பது பெரும்பாடு. அதை மிச்சம் வைப்பது எந்த பேக்கேஜிலும் வராத ஆப்ஷன். அதற்கு ஆகும் செலவு, வருடத்துக்கு இரண்டு முறை பத்து நிமிடமும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான்.