எள்ளும் தண்ணீரும் மட்டும் போதுமா? புற்றுநோயில் பறிகொடுத்தவர் நினைவாக இதையும் செய்யலாம்!

ஆடி அமாவாசை அன்று குற்றாலம் மெயின் அருவிக்கரை விடியும் முன்பே நிரம்பிவிடும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் அருவியில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். அம்மாவையோ தங்கச்சியையோ புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 'கொஞ்சம் முன்னாடியே காட்டியிருந்தா...' என்ற ஏக்கம் மட்டும் அருவியோடு போவதில்லை.

இந்த ஏக்கத்தை ஒரு மருத்துவமனையாகவே மாற்றிக் காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

தங்கைக்காக ஒரு மருத்துவமனை

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் மருத்துவரானவர் அவர். ஆனால், தன் தங்கை சுந்தரத்தை அவரால் புற்றுநோயிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. 'இதற்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும்' என்ற முடிவோடு பல ஆண்டுகள் நன்கொடை திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைச் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் எந்தப் புற்றுநோய் யாருக்கு வருகிறது என்பதைப் பதிவு செய்யும் பணியும் அங்கே நடக்கிறது.

சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

ஆராய்ச்சி என்ன செய்யும்? பதில் நம் ஊர் வேலியோரத்திலேயே பூத்திருக்கிறது. நித்யகல்யாணியைச் 'சுடுகாட்டு மல்லி' என்றும் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் இந்தச் செடியைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன! 'அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே' என்று தேடல் திசை மாறியது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் கிடைத்தன. செல்கள் இரண்டாகப் பிரிவதை இவை தடுக்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு.

ஆனால் ஒன்று... இந்தச் செடியை வீட்டில் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. இது நச்சுச்செடி!

நாம் என்ன செய்யலாம்?

* நினைவு நாள் நன்கொடை: திதிச் செலவோடு ஒரு சிறு தொகையை, இறந்தவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனைக்கு அனுப்பலாம். 'ஆராய்ச்சிக்கு' என்று குறிப்பிட முடியுமா எனக் கேளுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

* ரத்த தானம்: கீமோதெரபி எடுப்பவர்களுக்கு ரத்தமும் தட்டணுக்களும் அடிக்கடி தேவைப்படும். பணம் இல்லாதவர்களும் கொடுக்கக்கூடிய தானம் இது.

* குடும்ப விவரம்: மார்பகம், சினைப்பை, குடல் புற்றுநோய்களில் சில பரம்பரையாக வரக்கூடியவை. வீட்டில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது பாதுகாப்பு.

முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும், 1968-ல் மறைந்ததும் ஆடி மாதத்தை ஒட்டிய ஜூலையில்தான். குற்றாலத்தில் சாரல் விழும் சீசனும் அதுவே. இந்த ஆடியில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, இன்னொரு வீட்டுத் தங்கை பிழைக்கவும் கொஞ்சம் கொடுக்கலாமே!